பேராச்சி சுற்றிப் போட்ட மிளகாய்

எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, அதைப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பிடிக்காது என்பதுதான் சரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நடுநிலையாகப் பேசு என்று பிறகு யாரும் என்னிடம் வர வேண்டாம். நான் பேராச்சியின் பக்கம் நின்றுதான் பேசப்போகிறேன். அவள் பக்கம் நிற்க வேறு ஆள் இல்லை.

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் எங்களுக்குக் காப்பிப்பொடிக் கடை. கூடவே அப்பளம், வடகம், வத்தல். என் பெயர் கனகவள்ளி. கடையை நான்தான் பார்க்கிறேன். வீட்டுக்காரர் சங்கரநாராயணன் செம்பூர் வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போடுவார். கடைக்கு வாருங்கள் என்றால் முட்டி வலி என்பார். எங்கள் கடைப் படியை ஒட்டி, நடைபாதையில் ஒரு பலகையைப் போட்டுப் பூ விற்றவள் பேராச்சி. உடன்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். புருஷன் தோல் பட்டறையில் வேலை பார்த்தான், குடித்தான், போய்ச் சேர்ந்தான். பிள்ளை கிடையாது. விடியுமுன் தாதர் பூச்சந்தைக்குப் போய் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் பாதி மல்லிகையைத் தொடுத்து முடித்திருப்பாள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் எனக்கு இல்லாத பொறுமை அவளுக்கு உண்டு.

பூ அவள் பிழைப்பு. பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு. திருஷ்டி கழிப்பதில் பேராச்சிக்குக் கைராசி என்று தாராவியில் அவள் சந்து முழுக்கச் சொல்லும். பால் குடிக்காத பிள்ளை, காரணமில்லாமல் அழுகிற பிள்ளை, பள்ளிக்கூட நாடகத்தில் ஆடிவிட்டு வந்து காய்ச்சலில் படுத்த பிள்ளை, எல்லாம் அவள் மடிக்குத்தான் வரும். கைப்பிடி கல்லுப்பு, ஏழு மிளகாய் வத்தல். மூன்று முறை இப்படி, மூன்று முறை அப்படிச் சுற்றி, பிள்ளையை அதில் மூன்று தரம் துப்ப வைத்து, கொண்டுபோய்த் தீயில் போடுவாள். அதற்கு அவள் வைத்திருந்த சட்டங்கள் உண்டு. காசு வாங்கக் கூடாது. கையில் எடுத்ததிலிருந்து தீயில் போடும்வரை யாரோடும் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. தீயில் போட்ட வத்தல் நெடி அடிக்காவிட்டால் கண் பட்டிருந்தது, கழிந்துவிட்டது. நெடி அடித்தால் கண் படவே இல்லை, காரணம் வேறு, டாக்டரிடம் கொண்டுபோ என்பாள். இதையெல்லாம் நம்பாத எனக்கு அந்தக் கடைசிச் சட்டம் மட்டும் ரொம்பப் பிடிக்கும்.

என் கடையில் பொடி பாக்கெட் போடுகிற மாலதி, பேராச்சிக்கு அடுத்த வீடு. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவளுக்கு அப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. அரைக்கும் எந்திரத்துப் பக்கத்தில் நிற்காதே, உட்கார்ந்து செய் என்று நான் கத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்துச் சொல்லுவாள்.

"சித்தி, பிள்ள பொறந்து வீட்டுக்கு வந்ததும் மொத திருஷ்டி நீங்கதான் கழிக்கணும். அதுக்கப்புறந்தான் உள்ள தூக்கிட்டுப் போவேன்."

"அத நீ சொல்லணுமாக்கும்" என்பாள் பேராச்சி, பூவிலிருந்து தலையைத் தூக்காமல். ஆனால் அன்று முழுக்க அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். பெற்றுக்கொள்ளாதவளுக்கு அந்த ஒரு பிள்ளையின் தலையைச் சுற்றி வரப்போகிற கைதான் மிச்சமிருந்த பெரிய காரியம். எனக்கு அது தெரியும்.

இப்போது விஹான் கட்கேயிடம் வருகிறேன். மட்டை பிடிக்கிறவன். பால் பாக்கெட் தவிர மற்ற எல்லா விளம்பரத்திலும் அவன் மூஞ்சிதான். மாலதியின் புருஷன் தமிழ்செல்வன், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை விஹான் பெயர் முதுகில் எழுதிய பனியனைத்தான் போடுவான். பேராச்சிக்கும் அந்தப் பையன்மேல் ஒரு பாசம். மாலதியின் கைபேசியில் எட்டிப் பார்த்து, "சிரிச்சா கன்னத்துல குழி விழுதுல்லா" என்பாள். அவளுக்கு ஓட்டமும் தெரியாது, விக்கெட்டும் தெரியாது. கன்னத்துக் குழி தெரியும், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு காலை, அவன் எங்கள் தெரு ஹோட்டலுக்கு தோசை சாப்பிட வந்துவிட்டான். எப்படித்தான் சேதி பரவியதோ, அவன் கை கழுவுவதற்குள் தெரு அடைத்துவிட்டது. எல்லார் கையும் தலைக்கு மேலே, எல்லார் கையிலும் கைபேசி. அந்தப் பிள்ளை காருக்குப் போக வழியில்லாமல் எங்கள் கடை வாசலில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது. பேராச்சி பலகையை விட்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

"யக்கா, ஏழு வத்தல் குடுங்க. கொஞ்சம் உப்பு."

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? அவன் யாரு, நீ யாரு?"

"எத்தன கண்ணு பாத்தியளா யக்கா. தாங்காது. அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளதான."

கொடுத்தேன். அவள் கூட்டத்தில் நுழைந்து அவன் முன்னால் நின்றாள். நல்ல பையன்தான், சும்மா சொல்லக் கூடாது. என்னவென்று புரிந்து குனிந்து கொடுத்தான். சுற்றினாள், ஊர்க் கண்ணு உறவுக் கண்ணு என்று வாய்க்குள் முணுமுணுத்தாள், துப்பச் சாடை காட்டிக் கையை நீட்டினாள். சிரித்துக்கொண்டே மூன்று தரம் துப்பினான். கையை மூடிக்கொண்டு நடந்தாள். ஆன்ட்டி க்யா கியா, என்ன செய்தீர்கள் என்று பையன்கள் பின்னாலேயே கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். பேசவில்லை, திரும்பவில்லை. முனையில் இஸ்திரி போடும் சுரேந்திரனின் கரி அடுப்பில் போட்டுவிட்டுக் கை கால் கழுவிவிட்டு வந்தாள்.

"நெடியே இல்ல யக்கா. அவ்வளவு கண்ணும் கழிஞ்சிட்டு" என்றாள். அன்றைக்கு அவள் பூ கட்டிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த வீடியோ அன்று மாலையே வந்துவிட்டது. மாலதி காட்டினாள். கீழே எல்லாம் இதயம், கைகூப்பு. எங்கள் ராஜாவை வாழ்த்திய மதராஸி அம்மா என்று இந்தியில் எழுதியிருந்தார்களாம். பேராச்சி வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே அவன் விழுந்தான். பந்தைப் பிடிக்க ஓடியவன் உடம்பைத் திருப்பினான், முட்டி திரும்பவில்லை. ஸ்ட்ரெச்சரில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு போனான். என் வீட்டுக்காரரே டிவியை அணைத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாலதி பாக்கெட் போட்டுக்கொண்டே கைபேசியில் வந்ததை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சப் பேர் அவனுக்காகப் பிரார்த்தனை. எதிர் அணிக்காரன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. ஒருவன் ஸ்ட்ரெச்சர் காட்சிக்குக் குத்துப்பாட்டு சேர்த்துப் போட்டிருக்கிறான். இன்னொருவன், கைபேசி ஆட்டத்தில் காசு கட்டி இவனை நம்பி என் டீமில் எடுத்தேனே, என் டீம் நாசமாய்ப் போச்சே என்று அடிபட்டவனையே திட்டுகிறான். அவன் பெண்டாட்டி ஆட்டம் பார்க்க வந்ததுதான் தரித்திரம் என்று ஆயிரம் பேர். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் நான் திருப்பிச் சொன்னால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இவர்கள் யாருக்கும் அவன் கால் வலிக்குமே என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். "தோணும்க்கா, ஆனா எழுத மாட்டாங்க" என்றாள் மாலதி.

திட்டுவதற்குப் பெண்டாட்டி போதவில்லை. எவனோ தேடிப் பிடித்து அந்தப் பழைய வீடியோவை எடுத்தான். அதே வீடியோ, அதே பேராச்சி, அதே ஏழு வத்தல். இப்போது அவள் கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பின்னால் பேய்ப் படத்துச் சங்கீதம். பார், எச்சிலை வாங்கினாள். பார், மந்திரம் சொன்னாள். பார், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடினாள், திரும்பியே பார்க்கவில்லை. காலா ஜாது, செய்வினை. எந்த அணி காசு கொடுத்து இந்தச் சூனியக்காரியை அனுப்பியது?

எனக்கு ரத்தம் கொதித்தது. இவன்களைப் பெற்றவள்கள் உப்பு மிளகாய் சுற்றாமலா வளர்த்தார்கள்? மராட்டிக்காரி திருஷ்ட் எடுக்கிறாள், இந்திக்காரி நஜர் இறக்குகிறாள், அதெல்லாம் தாய்ப்பாசம். தாராவிக்காரி, அதுவும் விதவை, கறுப்பாக இருக்கிறவள் செய்தால் சூனியம். எதிர் அணிக்காரன்கள் சும்மா இருந்தான்களா? அவள் முகத்துக்கு மாலை போட்டு ஆட்ட நாயகி பட்டம் கொடுத்து, அம்மா அடுத்தது யார் என்று கேட்டார்கள். ஒரு கூட்டம் வைதது, ஒரு கூட்டம் கும்பிட்டது. ரெண்டும் ஒன்றுதான். பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்றாள் மாலதி.

பேராச்சிக்கு இதில் பாதி புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது, அந்தப் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது என்பது. "நம்ம கழிச்சது பத்தல யக்கா" என்றாள். நான் பில் போடுகிற மும்முரத்தில் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாப்பில் விஹான் ஏதோ பானம் குடிக்கிற பெரிய போர்டு உண்டு. அதன் முன்னால் நின்று, எட்டுகிற மட்டும் கையைத் தூக்கி, அவன் கால்மாட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். நேரில் போய்ச் செய்ய முடியாத பிள்ளைக்குப் போட்டோவுக்குச் சுற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். துபாயில் இருக்கிற மகனுக்குக் கல்யாண ஆல்பத்தை வைத்துச் சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நின்ற எவளுக்குத் தெரியும்? ஒருத்தி வீடியோ எடுத்துவிட்டாள். மிச்சமிருக்கிற காலையும் முடிக்க வந்துவிட்டாள் என்று அந்த ராத்திரியே அதுவும் வந்தது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. விஹான் பனியன் போட்ட நாலைந்து பையன்கள் வந்தார்கள். ஒருவன் படம் எடுக்க, ஒருவன் பூக்கூடையை உதைத்தான். மல்லிகை ரோட்டில் போனது. நான் அளவுப் படியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் பேராச்சி அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "பேட்டா, உஸ்கா பைர் அபீ கைசா ஹை?" அந்தப் பையனுக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறாள். அவர்களுக்கு அது நக்கலாகத் தெரிந்தது. போகும்போது பலகையையும் மிதித்து உடைத்துவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரரை விட்டு விஹானின் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் எழுத வைத்தேன். அந்தப் பையன் ஒரு வரி சொன்னால் போதும், அவள் என்னை வாழ்த்தத்தான் செய்தாள் என்று. மனிதர் முட்டி வலியை மறந்து உட்கார்ந்து நன்றாகவே எழுதினார். கைகூப்பு பொம்மை ஒன்று பதிலாக வந்தது, சர்ச்சைகளில் அவர் கலந்துகொள்வதில்லை என்று ஒரு வாக்கியத்தோடு. அன்றே அந்தப் பையன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து ஒரு படம் போட்டிருந்தான். என் ரசிகர்களின் அன்புதான் என் பலம் என்று எழுதி, கையில் ஒரு வலி மருந்து டியூப், பெயர் நன்றாகத் தெரிகிற மாதிரி. குழி விழச் சிரித்திருந்தான்.

கடைக்காரர் சங்கத்துச் செயலாளர் வேங்கடசுப்ரமணியன் வந்தார். புதுக் கார் வாங்கியபோது சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப் பேராச்சியைத்தான் கூப்பிட்டவர்.

"நேக்குத் தெரியாதா கனகவள்ளி? அவ அப்படிப்பட்டவ இல்லைன்னு ஊருக்கே தெரியும். ஆனா கூட்டம் வர்றது, வீடியோ எடுக்கறா, எல்லாருக்கும் பிசினஸ் கெடறது. கொஞ்ச நாள் வேற எங்கயாவது ஒக்காந்துக்கட்டுமே."

"உங்க காருக்கு எலுமிச்சம்பழம் வச்சது யாரு?" என்று கேட்டேன். அவர் தன் கைபேசியைப் பார்த்தார்.

நான் இன்னும் சண்டை போட்டிருப்பேன். பேராச்சிதான் என் கையைப் பிடித்தாள். "விடுங்க யக்கா. உங்க கடைக்குக் கெட்ட பேரு வேண்டாம்" என்று உடைந்த பலகையைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக் கட்டி, அடுப்புக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு போனாள். அத்தனை வருஷம் உட்கார்ந்த இடத்தில் சிமெண்ட் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதன்பிறகு தாராவித் தொண்ணூறடி ரோட்டில், காய்கறி வண்டிகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு விற்றாள். அங்கே மல்லிகை வாங்க ஆள் குறைவு.

அங்கேயும் தேடி வந்தார்கள், இந்தத் தடவை பணிவாக. மூன்று பையன்கள், பைக்கில். அதில் ஒருவன் நம் ஊர்ப் பிள்ளை. எதிர் அணிப் பந்துவீச்சாளன் ஒருவனின் படத்தைக் கைபேசியில் காட்டி, நாளை மறுநாள் ஆட்டத்துக்குள் இவன் தோளை முடித்துக் கொடுங்கள், என்ன வேண்டுமோ தருகிறோம் என்றார்கள். அப்போது நான் அவளோடுதான் இருந்தேன். சந்தில் இருந்து எவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வராமல் போய் அதற்குள் நாளாகியிருந்தது. பேராச்சி அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தாள். அதுவும் சின்னப் பையன்தான்.

"இதுக்கு நான் எதுக்குப்பா?" என்றாள். "நீங்க பாத்துக்கிட்டே இருங்க. நீங்க பாத்தாலே போதும்."

நம் ஊர்ப் பிள்ளை அதை இந்தியில் சொல்ல, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவுக்கும் பேராச்சி கலங்கவில்லை. அவள் கணக்கெல்லாம் மாலதிக்கு எப்போது வலி எடுக்கும் என்பதில்தான் இருந்தது. பலகை போனாலும் கை இருக்கிறதே என்று நினைத்திருப்பாள். மாலதி நிறைமாசமாகி வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். ஜூனில் மழை பிடித்துக்கொண்ட பிறகு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று நானும் ஒரு சின்னத் தொட்டில் துணியும் சாமானும் வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். பேராச்சி தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு தன் வாசலில் நின்றாள். வலது கையை மூடி வைத்திருந்தாள். பேசக் கூடாது என்பதால் என்னைப் பார்த்து வெறுமனே தலையாட்டினாள். மழைச்சாரல் படாமல் அந்தக் கையை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ சந்து முனையில் நின்றது. தமிழ்செல்வன் குடை பிடிக்க, மாலதி துண்டில் சுற்றிய குழந்தையோடு மெல்ல நடந்து வந்தாள். பேராச்சி ஓரடி முன்னால் வைத்தாள். மாலதியின் கை துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடியது. அவளும் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழ்செல்வன்தான் பேசினான், மெதுவாக, மரியாதையாக.

"சித்தி, எனக்குத் தெரியாதா உங்கள? அதெல்லாம் பொய்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா... இவ்வளவு வருஷம் கழிச்சு வந்த பிள்ள. ஒருவேள..."

பேராச்சி வழி விட்டு ஒதுங்கினாள். அவர்கள் உள்ளே போனார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள். அறைந்து சாத்தியிருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

பேராச்சி தன் வீட்டுக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். கை அப்படியே மூடியிருந்தது. வாய் திறக்கவில்லை, தீயில் போடவில்லையே, சட்டப்படி பேசக் கூடாதே. எனக்குத் தாங்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உப்பையும் வத்தலையும் என் கைக்கு மாற்றினேன்.

"ஊருக்கெல்லாம் கழிச்சியே, உனக்கு எவ கழிச்சா? பத்து லட்சம் கண்ணு பட்டிருக்குட்டி உன்மேல. நிமிந்து உக்காரு" என்றேன்.

நம்பாதவள்தான். இருந்தாலும் சுற்றினேன். எத்தனை சுற்று என்று கணக்குத் தப்பிப் போயிற்று, மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். அவள் சொல்லுகிற கண்களையெல்லாம் நினைவு வந்தவரைக்கும் சொன்னேன். துப்பு என்றேன். துப்பினாள். அடுப்பைப் பற்றவைத்து, பழைய தோசைக்கல்லில் அப்படியே கொட்டினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நெடி குப்பென்று கிளம்பி அறையை அடைத்தது. எனக்குக் கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரிந்து இருமல் பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டில் தமிழ்செல்வன் இருமுகிற சத்தம் கேட்டது. குழந்தை தும்மி அழ ஆரம்பித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினேன். பேராச்சி உட்கார்ந்த இடத்திலேயே இருந்து கல்லைப் பார்த்தாள். கறுத்துப்போன வத்தல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"பாத்தியளா யக்கா" என்றாள். "கண்ணு ஒண்ணும் படல. கண்ணா இருந்தா கழிச்சிருக்கலாம்."

எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். குழந்தை அழுகிறதே என்று, புகை அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் திறந்த ஜன்னலையும் சாத்தினாள்.